பரிசு வைத்தால் பன்றி குறையாது

காட்டுப்பன்றியை வனத்துறையால் அடக்க முடியாது, ஊர்க்காரர்களிடம் விட்டுவிடுங்கள் என்ற பேச்சு சேலம், நாமக்கல் சமவெளியில் இப்போது பரவலாகக் கேட்கிறது. குறைதீர் கூட்டத்தில் அது மனுவாக வருகிறது, டீக்கடையில் கோபமாக வருகிறது. கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஒரு பன்றிக்கூட்டம் ஓர் இரவு புகுந்தால் தின்பது கொஞ்சம், கிளறிப் போடுவது அதிகம்; மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி வளர்த்தது விடியும்போது வேரோடு புரண்டு கிடக்கும். நிலக்கடலை காய் வைக்கும் வாரமும் மக்காச்சோளம் பால் பிடிக்கும் வாரமும் நமக்குத் தெரிவதற்கு முன்பே பன்றிக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே முதலில் துப்பாக்கி உரிமம் கேட்டார்கள். பிறகு பன்றியைத் தீங்குயிரி என்று அறிவிக்கச் சொன்னார்கள். இப்போது அந்த வரிசையில் கவர்ச்சியான ஒரு யோசனை சேர்ந்திருக்கிறது: ஜல்லிக்கட்டுக்கு வைப்பதுபோல் பன்றி வேட்டைக்கும் போட்டி வை, பைக் பரிசு அறிவி, பணக்காரன் மட்டும் வெல்லாதபடி விதியை நியாயமாக எழுது, ஆயிரம் பேர் வருவார்கள், ஆயிரம் பேர் வந்தால் பன்றி தீர்ந்துபோகும். இந்த வாதத்தின் முற்பாதி சரி. நல்ல விதி இருந்தால் ஆள் வரும். பிற்பாதிதான் தவறு. முற்பாதி எந்தக் காரணத்தால் சரியாகிறதோ அதே காரணத்தால்தான் பிற்பாதி தவறாகிறது என்பதே இங்கே நான் சொல்ல வருவது.

போட்டி என்பது அடுத்த ஆண்டும் நடக்க வேண்டியது. அடுத்த ஆண்டும் நடக்க வேண்டுமானால் அடுத்த ஆண்டும் பன்றி இருக்க வேண்டும். இதை யூகமாகச் சொல்லவில்லை. இந்தியாவிலேயே இது நடத்திப் பார்க்கப்பட்டது. மீரட் நகரை ஒட்டிய கங்கையின் வெள்ளப் படுகையில் வெள்ளைக்கார அதிகாரிகள் 1870களில் தொடங்கி 1939 வரை ‘காதிர் கோப்பை’ என்ற பெயரில் குதிரையேறி ஈட்டியால் காட்டுப்பன்றி குத்தும் போட்டி நடத்தினார்கள். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1883இல் அந்தக் கோப்பையை வென்றவர். 1889இல் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். விதிகளைப் பார்த்தால் நியாயத்துக்குக் குறைவில்லை. மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாகச் சீட்டுப் பிரித்து அனுப்பினார்கள். கூடவே நடுவர் குதிரையில் வருவார். பன்றி எழுந்து, குத்தத் தகுந்ததுதான் என்று அவர் கண்டு சொன்ன பிறகே விரட்ட வேண்டும். முதலில் ஈட்டியில் ரத்தம் காட்டுபவர் வென்றவர். கொன்று முடித்தது யார் என்பது கணக்கில் இல்லை. இவை அனைத்துக்கும் மேலாக ஒரு விதி இருந்தது: தாய்ப்பன்றியைத் தொடக்கூடாது, குட்டியைத் தொடக்கூடாது, வளர்ந்த ஆண் பன்றியை மட்டுமே குத்த வேண்டும். அந்தப் பிரதேசத்தில் பன்றியைத் துப்பாக்கியால் சுடுகிற அதிகாரியைச் சக அதிகாரிகள் கேவலமாகப் பார்த்தார்கள். காரணம் இரக்கமன்று. சுட்டுத் தீர்த்துவிட்டால் மார்ச் மாதம் எதைக் குத்துவது? அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்தப் போட்டி நின்றது உலகப்போர் வந்ததால். பன்றி தீர்ந்ததால் அல்ல.

இதற்கு ஜல்லிக்கட்டையே பதிலாகக் காட்டுவார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. விதி எழுதி முறைப்படுத்தினால் ஒரு வழக்கம் சட்டத்துக்குள் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். சான்றுதான், ஆனால் எதற்குச் சான்று? காளைக்கு மருத்துவப் பரிசோதனை, வீரர்களுக்கு வயது வரம்பு, முன்பதிவு, சுற்றுக்கு இத்தனை பேர் என்று விதி வந்த பிறகு சேலம் மாவட்டத்தின் கூலமேட்டிலும் தம்மம்பட்டியிலும் காளை கொண்டுவருகிறவர்களின் ஆசை கூடியதா, குறைந்ததா? ஜல்லிக்கட்டை ஆதரித்து நீதிமன்றம்வரை போனவர்கள் வைத்த முக்கிய வாதமே, போட்டி இருந்தால்தான் நாட்டு மாட்டினம் பிழைக்கும் என்பது. அந்த வாதம் சரியானது. போட்டி தன் விலங்கைக் காக்கும். அதே போட்டியைப் பன்றிக்கு வைத்தால் அது பன்றியை மட்டும் அழித்துவிடும் என்று எப்படி எதிர்பார்ப்பது? மாட்டைக் காக்க வேண்டும் என்று நினைத்தவர்களும் பன்றியை ஒழிக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் ஒரே மருந்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

மீரட் பழங்கதை, அமெரிக்காவில் பார் என்று சொல்பவர்களும் உண்டு. டெக்சாஸில் வார இறுதிகளில் பன்றி வேட்டைப் போட்டி நடக்கிறது, ஹெலிகாப்டரில் இருந்து சுடுவதற்கே 2011இல் சட்டம் இடம் கொடுத்தது, அங்கே எல்லோரும் சுடுகிறார்கள் என்பது உண்மை. எல்லோரும் சுட்டும் அந்த மாநிலத்தில் பன்றி இன்னும் இருக்கிறது என்பதும் உண்மை. இதைவிடத் தெளிவான பாடம் டென்னசியில் இருக்கிறது. 1999இல் அந்த மாநிலம் பன்றிப் பெருக்கத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி, எண்ணிக்கை வரம்பில்லாமல் மாநிலம் முழுவதும் வேட்டையைத் திறந்துவிட்டது. அடுத்த பத்தாண்டில் பன்றி முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு மாவட்டங்களில் தலைகாட்டியது. பன்றிக்குச் சிறகு முளைக்கவில்லை. வேட்டைக்கு ருசி கண்டவர்கள் தங்கள் ஊர்ப் பக்கமும் பன்றி வேண்டும் என்று வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். 2011இல் டென்னசி தன் விதியைத் தலைகீழாக மாற்றி, பன்றியை விளையாட்டு வேட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்தது. கான்சஸ் அதற்கு முன்பே, 2006இல், பன்றியை விளையாட்டுக்காக வேட்டையாடுவதைத் தடைசெய்திருந்தது. மிசௌரி 2016இல் தன் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையை நிறுத்தியது. துப்பாக்கி வைத்திருப்பதை உரிமையாகக் கொண்டாடுகிற நாட்டில், பன்றியால் சோளம் இழந்த மாநிலங்கள் பன்றியைக் குறைப்பதற்காகவே வேட்டைக்காரர்களை விலக்கி வைத்தன. நம் விவாதத்தில் இந்தச் செய்தி வருவதே இல்லை.

பரிசு வைப்பதன் பலனை அளந்து பார்த்த இடமும் ஒன்று உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் பென்னிங் ராணுவ முகாமில் 2007, 2008 ஆண்டுகளில் பன்றி வாலுக்கு 40 டாலர் என்று அறிவித்தார்கள். 1,138 வால்கள் வந்தன. 57,000 டாலருக்கு மேல் செலவானது. பிறகு ஆய்வாளர்கள் முகாமின் பன்றித் தொகையைக் கணக்கெடுத்தபோது அது குறைந்ததற்கு அடையாளமே இல்லை, கூடியதாகவே தெரிந்தது. சுட வந்தவர்கள் பன்றியை வரவழைக்கத் தீனி கொட்டினார்கள்; தீனி தின்ற தாய்ப்பன்றிகள் செழித்துக் குட்டி போட்டன. வெளியூர்ப் பன்றி வாலும் கறிக்கடை வாலும் கணக்கில் நுழைய வழி இருந்தது. இதற்கு நூறாண்டுக்கு முன், 1902இல், வியட்நாமின் ஹனோய் நகரில் பிரெஞ்சு அரசு எலி வாலுக்குக் காசு கொடுத்தது. வாலை மட்டும் நறுக்கிவிட்டு எலியைக் குட்டி போட அனுப்பினார்கள். நகருக்கு வெளியே எலி வளர்ப்பும் தொடங்கியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரம் கூட்டுறவுச் சங்கத்தின் ஏலக்களத்தை நினைத்துப் பார்க்கலாம்: அங்கே எந்த ரகத்துக்கு விலை போடுகிறார்களோ அந்த ரகம்தான் அடுத்த பருவத்தில் மூட்டையில் வருகிறது. வாலுக்கு விலை போட்டால் வால் வரும்.

ஏமாற்றை விதியால் தடுக்கலாம், வாலுக்குப் பதில் முழுப் பன்றியைக் கொண்டுவரச் சொல்லலாம் என்பது அடுத்த பதில். தடுக்கலாம். வெளிநாட்டுத் தூண்டில் போட்டிகளிலும் வேட்டைப் போட்டிகளிலும் வென்றவரைப் பொய் கண்டறியும் கருவி முன்னால் உட்கார வைக்கிற அளவுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒருவரும் ஏமாற்றாத போட்டியிலும் கணக்கு உதைக்கிறது. எடை அதிகமான பன்றிக்குப் பரிசு என்றால், எல்லோரும் கோரைப்பல் நீண்ட பெரிய ஆண் பன்றியைத் தேடுவார்கள். பெரிய ஆண் பன்றி தனியாகத் திரிவது. கூட்டம் என்பது தாய்ப்பன்றிகளும் குட்டிகளும். ஓர் ஆண் போனால் அதன் வேலையை இன்னோர் ஆண் செய்யும், குட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையாது. எண்ணிக்கைக்குப் பரிசு என்றால், எளிதில் மாட்டுகிற இளம் பன்றிகள் சாகும். அவற்றில் பல எப்படியும் கோடையைத் தாண்டாதவை. தாய்ப்பன்றிக்குக் கூடுதல் புள்ளி என்று எழுதலாம் என்றால், இருட்டில், ஓடுகிற கூட்டத்தில், டார்ச் வெளிச்சத்தில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சுடுகிறவர் எத்தனை பேர்? குழுவாகச் சேர்ந்தால் கூடுதல் பரிசு என்றால் ஆளும் நாயும் கூடும், கூட்டம் நாலாப்பக்கமும் சிதறும், ஒரு காட்டில் இருந்த தொல்லை நாலு காட்டுக்குப் போகும். தப்பியவை அடுத்த முறை மனிதவாடைக்கே ஒளியும். பன்றி சினையாக இருப்பது ஏறக்குறைய 115 நாள். ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகளில் பெண்குட்டி ஒன்றரை வயதாவதற்குள் தானும் தாயாகிவிடலாம். இப்படிப் பெருகும் இனத்தில் ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது அமெரிக்கக் காட்டுயிர் ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு வார இறுதிப் போட்டி அந்த அளவை எட்டாது. எட்டாத வேட்டை, மிஞ்சியவற்றுக்கு இரையையும் இடத்தையும் தாராளமாக்கிக் கொடுக்கும் வேலையைத்தான் செய்யும்.

அமெரிக்காவில் பன்றி அந்நியம், வீட்டுப்பன்றிக் கலப்பு, ஈற்றுக்கு இன்னும் அதிகக் குட்டி. நம் பன்றி இந்த மண்ணின் விலங்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். ஒப்பீட்டில் குறை உண்டு. ஆனால் அந்தக் குறை போட்டிக் கட்சிக்கு உதவாது. முற்றாக ஒழிப்பதே குறிக்கோளாக, சட்டத் தடையும் இல்லாமல், துப்பாக்கியும் தாராளமாக இருந்த இடத்திலேயே அது பலிக்கவில்லை. இங்கே பன்றி சிறுத்தைக்கும் புலிக்கும் இரை. முற்றாக ஒழிப்பது குறிக்கோளாகவே இருக்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரைக் காக்கக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் 11ஆம் பிரிவில் இருக்கிறது. தீங்குயிரி என்று அறிவிக்கும் அதிகாரம் 62ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசிடம் இருக்கிறது. கேரளம் பலமுறை கேட்டும் டெல்லி அந்த அறிவிப்பைத் தரவில்லை. ஆகவே கேரளம் 2022இல் வேறு வழி பார்த்தது: அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. அங்கேயும் யார் வேண்டுமானாலும் சுடலாம் என்று விடவில்லை. உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும், பெயர் பதிந்த ஆட்கள்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. செத்த பன்றியைப் புதைக்க வேண்டும், கறி வைக்கக்கூடாது. அந்தக் கடைசி விதி முக்கியமானது. கறியும் பரிசும் இல்லாவிட்டால், வருகிறவர் பயிரைக் காக்க மட்டுமே வருவார்.

கறியை ஏன் வீணாக்க வேண்டும், விற்க விட்டால் அரசுக்குச் செலவும் மிச்சமே என்றும் கேட்கிறார்கள். பன்றிக்கறிக்கு வாடிக்கை உள்ள ஊர்களில் அது இழுக்கும் வாதம்தான். ஆனால் 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்ததை மறந்துவிட்டார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், மனிதனைத் தொடாது, பன்றியை விடாது. காட்டுப்பன்றியை அறுத்த கத்தியும் கழிவும் ஊர் விட்டு ஊர் போனால், வீட்டில் நாலு வெண்பன்றி வளர்த்துப் பிழைப்பவரின் கொட்டிலுக்கு அது போய்ச் சேரும். செக் நாட்டில் 2017இல் இந்த நோய் காட்டுப்பன்றிக்கு வந்தபோது, நோய்ப் பகுதிக்குள் அவர்கள் முதலில் செய்தது வேட்டையை நிறுத்தியது. விரட்டினால் நோயும் ஓடும் என்பதால் வேலி போட்டு அடைத்தார்கள். பின்னர்தான் பயிற்சி பெற்றவர்களை உள்ளே விட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் நோய் ஒழிந்தது.

போட்டி வேண்டாம் என்றால் விவசாயி சும்மா இருந்து சாகவா என்ற கேள்வியே இந்த விவாதத்தில் உண்மையான கேள்வி. அவர் சும்மா இல்லை. மின்வேலி போடுகிறார், அவுட்டுக்காய் என்ற நாட்டுவெடி வைக்கிறார், சுருக்குக் கம்பி கட்டுகிறார். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. யானைக்குச் செய்தி வருகிறது. அவுட்டுக்காயைக் கடித்து வாய் கிழிந்த மாட்டுக்கு வருவதில்லை. இந்த நிலையைவிட ஒழுங்கான போட்டி மேல் அல்லவா என்றால், போட்டி இதற்கு மாற்றாக வராது, இதன் மேல் இன்னொன்றாக வந்து சேரும் என்பதே பதில். போட்டிக்காரர்கள் போவது வண்டி போகும் பாதையும் திறந்த வெளியும் பன்றி அதிகமும் உள்ள இடத்துக்கு. ஏரிக்குள் மண்டிய சீமைக்கருவேலத்தை ஒட்டி அரை ஏக்கர் வைத்திருப்பவரின் காட்டுக்கு, கிழங்கு முற்றும் அந்தப் பதினைந்து நாளில், எந்தக் கோப்பைக்காரரும் வந்து காவல் இருக்கப்போவதில்லை. வேட்டைக்காரர்களுக்குள் நியாயம் என்று விதி எழுதுவது எளிது. அந்த அரை ஏக்கர்காரருக்கும் ஐம்பது ஏக்கர் தோப்புக்காரருக்கும் இடையே நியாயம் செய்கிற விதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பன்றியைக் குறைத்த இடங்களில் பலித்தது கூண்டு. ஒரு பன்றிக்குக் கண்ணி வைப்பது அல்ல. கூட்டம் முழுவதும் நுழையும் அளவுக்குப் பெரிய பட்டி. சில நாள் கதவைத் திறந்தே வைத்துத் தீனி போட்டு, கடைசிக் குட்டிவரை பழகி உள்ளே வந்த பிறகு ஒரே முறையில் அடைப்பது. பொறுமையான, சலிப்பான வேலை; கைதட்டல் இல்லை. அதே வாரம் அக்கம்பக்கத்தில் யாராவது வெடி வைத்தாலோ நாய் விட்டாலோ வேலை முழுதும் பாழ். மிசௌரி வேட்டையை நிறுத்தச் சொன்ன காரணமும் இதுவே. இதற்கும் ஊர்ப் பங்கேற்பு வேண்டும், போட்டியைவிட அதிகமாகவே வேண்டும்: தடம் பார்த்துச் சொல்ல, தீனி வைக்க, வெடி வைக்கிறவரைத் தடுக்க, ஏரியின் முள்ளை வெட்ட. கூலி கொடுப்பதானால் செத்த தலைக்குக் கொடுக்கக்கூடாது. அறுவடைவரை பன்றி புகாத ஏக்கருக்குக் கொடுக்க வேண்டும். அப்போது ஊரில் பன்றி இல்லாமல் இருப்பதுதான் கூலிக்காரருக்கு ஆதாயம்.

தமிழக அரசு 2025 ஜனவரியில் போட்ட ஏற்பாடு இந்தத் திசையில் பாதி தூரம் வருகிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுவரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். மல்லசமுத்திரம் போன்ற சமவெளிக்கு வழி தப்பி வந்து ஓடையிலும் ஏரியிலும் குடியேறிய கூட்டம் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான் வரும். அதில் எனக்குள்ள குறைகள் வேறு. பிடித்த கூட்டத்தைக் காட்டோரத்தில் விட்டால் அது கிழங்கின் ருசியோடு திரும்பி வரும், அல்லது இன்னோர் ஊரின் கிழங்கைத் தேடும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் பொறுப்பைக் கைவிரல் விட்டு எண்ணும் வனவர்களிடம் மட்டும் விட்டால், தகவல் போய் ஆள் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும். கேரளம்போல உரிமம் உள்ளவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, துறையின் கீழ் வைக்கலாம். இவற்றைவிடப் பெரிய ஓட்டை, யார் முடிவு செய்வது என்பதில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் வனத்துறைப் பணியாளரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்த ஊர்க் குழு தகவலை ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. சேலம், நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து பதவியேற்ற ஊராட்சித் தலைவர்களின் காலம் அதே 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. குழுவில் ஊர்க்காரர் என்று உட்கார வேண்டியவரின் நாற்காலி, குழுவை அறிவித்த மாதமே காலியானது. பங்கேற்பைக் கூட்ட விதி வேண்டும் என்று மனுக் கொடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த நாற்காலியை.